மார்க்குஸ்: ஒரே பெயரை வைத்து லத்தீன் வேற்றுமை பழகலாம்

லத்தீன் படிக்க வருபவர்கள் முன்னால் எடுத்த எடுப்பிலேயே பெரிய வேற்றுமை அட்டவணையை நீட்டினால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். அது கிடக்கட்டும், மார்க்குஸ் என்ற ஒரே ஆண்பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழ் விவிலியத்தில் வரும் மாற்கு இதே பெயர்தான்.

முதலில் பிறப்பு. போர்க்கடவுள் மார்ஸின் பெயரிலிருந்து வந்தது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ரோமானியர்களிடம் ஆண்களுக்கு வைக்கும் பெயர்கள் ரொம்பக் குறைவு, அதனால் கல்வெட்டில் 'எம்' என்று ஒற்றை எழுத்தைப் பொறித்தாலே மார்க்குஸ் என்று எல்லாருக்கும் புரிந்துவிடும். கி.மு. 30இல் ரோமானியத் தளபதி மார்க் ஆண்டனி (இவரும் ஒரு மார்க்குஸ்தான்) வீழ்ந்த பிறகு, அந்தக் குலத்தில் இனி யாருக்கும் மார்க்குஸ் என்று பெயர் வைக்கக் கூடாது என்று செனட் முடிவெடுத்ததாம். ஆள்மேல் இருந்த கோபம் பெயர்மேல்!

அடுத்து, கடைசி 'உஸ்'ஸை வெட்டுங்கள். மிஞ்சுவது 'மார்க்'. மார்க்குஸ் வந்தான் என்றால் அப்படியே மார்க்குஸ். அவனைப் பார்த்தேன் என்றால் மார்க்கும் (இது நம் 'உம்' இல்லை, குழம்ப வேண்டாம்). அவனுடைய என்றால் மார்க்கீ, அவனுக்கு என்றால் மார்க்கோ. அவனோடு, அவனால் என்பதற்கும் அதே மார்க்கோதான், முன்னால் ஒரு சின்னச் சொல் சேரும், அவ்வளவே.

கூப்பிடும்போது? முருகன் முருகா ஆவதுபோல மார்க்குஸ் மார்க்கே ஆகிவிடுவார். ஆனால் 'இயுஸ்' என்று முடியும் பெயருக்கு இந்த 'ஏ' வராது, லூக்கியுஸைக் கூப்பிட லூக்கீ. 'லூக்கியுஸின்' என்பதற்கும் அதே லூக்கீதான், இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

சரி, இப்போது நிஜக் கல்வெட்டு. ரோம் நகரத்தில் உள்ள பாந்தியன் என்ற பழைய கோயிலின் முகப்பில் 'எம் அக்ரிப்பா எல் எஃப்' என்று ஆரம்பிக்கும். எம் மார்க்குஸ், எழுவாய். எல் லூக்கீ, எஃப் ஃபீலியுஸ், அதாவது மகன். லூக்கியுஸின் மகன் மார்க்குஸ் அக்ரிப்பா, மூன்றாம் முறை கான்சலாக (ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவி) இருந்தபோது இதைக் கட்டினார் என்கிறது வாசகம். இப்போது நிற்பது பின்னால் எழுப்பிய கட்டடம், ஆனாலும் அக்ரிப்பா பெயரையே போட்டிருக்கிறார்கள்.

அக்ரிப்பாவில் வெட்ட 'உஸ்' இல்லையே என்று தேடாதீர்கள். அது 'ஆ'வில் முடியும் வேறு கூட்டம், அதன் விகுதிகளே வேறு.