சொத்தைப் பிரிக்க வக்கீல் வேண்டுமா? முதலில் வாரிசுகளைப் பாருங்கள்

கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ஒரு பெரியவர் தவறிவிட்டால் அவர் வைத்துவிட்டுப் போனது பெரும்பாலும் இரண்டு மாநிலத்தில் கிடக்கும். தோப்பு பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், வீட்டுமனை பொள்ளாச்சியில், டெபாசிட் கோயம்புத்தூரில் என்று. காரியம் முடிந்த கையோடு "வக்கீலைப் பார்த்துடலாமா" என்று யாராவது கேட்பார்கள். சொத்தின் மதிப்பை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். வாரிசுகள் யார் யார், அத்தனை பேரும் மனமொத்துக் கையெழுத்துப் போடுவார்களா, அதுதான் கேள்வி.

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இந்துக் குடும்பத்தில் ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகளோடு அவருடைய அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு. உயிரோடு இருக்கும் அந்தப் பாட்டியைத்தான் பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். கட்டிக்கொடுத்த மகளுக்கும் சம பங்கு. முன்பே இறந்த மகன் இருந்தால் அவர் மனைவி, பிள்ளைகளையும், முன்பே இறந்த மகள் இருந்தால் அவர் பிள்ளைகளையும் சேருங்கள். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டம் வேறு.

எல்லோரும் மேஜர், எல்லோருக்கும் சம்மதம், ஆதாரமும் (சொத்துப் பத்திரமும்) இறந்தவர் பெயரிலேயே இருக்கிறது என்றால் கேஸ் நடத்த வக்கீல் பிடிக்க வேண்டியதில்லை. தாசில்தாரிடம் வாரிசுச் சான்று, சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் வில்லங்கச் சான்று, அப்புறம் பாகப்பிரிவினையோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ, பத்திரம் எழுதுபவரே முடித்துக் கொடுப்பார். தோப்புக்குக் கேரளா சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில், மனைக்குப் பொள்ளாச்சியில் என்று தனித்தனியாகப் பதிய வேண்டும். பிறகு பெயர் மாற்றத்துக்குக் கேரளாவில் போக்குவரவு, தமிழ்நாட்டில் பட்டா மாறுதல்.

ஆனால் பதிவதற்கு முன் டிராஃப்டை மட்டும் ஒரு வக்கீலிடம் கொடுத்து, படித்துப் பார்ப்பதற்கான ஃபீஸை மட்டும் கொடுங்கள். கையை விட்டுப் போவது பெரும்பாலும் சின்ன வரிகளில்தான். தோப்பை மூன்றாகப் பிரித்து, கிணறு நடுப்பங்கில் விழுந்து, மற்ற இருவருக்கும் கிணற்றில் என்ன பங்கு, எந்த முறையில் மோட்டார் ஓட்டலாம், பைப்லைன் யார் நிலம் வழியாகப் போகும், தேங்காய் ஏற்ற வண்டி எந்தத் தடத்தில் வரும் என்று எழுதாமல் விட்டால், அண்ணன் தம்பி இருக்கும்வரை ஓடும், பிள்ளைகள் காலத்தில் கோர்ட்டுக்குப் போகும்.

பேங்க் விஷயத்தில் நாமினி இருந்தால் பணம் சீக்கிரம் கைக்கு வரும், ஆனால் நாமினி பணத்தை வாங்குகிறவர்தான், அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. எல்ஐசி பாலிசி வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் 1983-லேயே இதைச் சொல்லிவிட்டது, ஆனால் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருக்கும் இன்சூரன்ஸ் பாலிசிக்கு மட்டும் 2015-இல் சட்டம் மாறிவிட்டது. நாமினி இல்லாத பெரிய தொகைக்குக் கோர்ட் மூலம் வாரிசுரிமைச் சான்று கேட்டால் வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள். அது பணம், ஷேர் போன்றவற்றுக்குத்தான், நிலத்துக்கு ஆகாது.

வாரிசில் ஒருவர் மைனர் என்றால் யோசிக்கவே வேண்டாம், வக்கீல் வேண்டும். 1956-ஆம் வருடத்து இந்து மைனர், கார்டியன் சட்டப்படி, குழந்தையின் பங்கைக் கோர்ட் அனுமதி இல்லாமல் அம்மாகூட விற்க முடியாது. இரண்டாம் தாரம், சந்தேகமான உயில், தாத்தா பெயரிலேயே நிற்கும் ஆதாரம், கையெழுத்துப் போட மறுக்கும் ஒரு தம்பி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்படித்தான். இரண்டு மாநிலத்திலும் நிலம் இருந்தால் பாகவழக்கை எந்தக் கோர்ட்டில் போடுவது என்பதே யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். தோப்புத்தான் தகராறு என்றால் பாலக்காட்டு வக்கீல் நல்லது, பழைய மலையாள ஆதாரத்தை அவர் நேராகப் படிப்பார்.

காசில்லை என்று விட்டுவிடாதீர்கள். 1987-ஆம் வருடத்துச் சட்ட உதவிச் சட்டத்தின்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100-க்குக் கூப்பிடுங்கள்.

வக்கீலிடம் ஃபீஸை முதலிலேயே பேசி எழுதி வாங்குங்கள், அசல் ஆதாரத்தைக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். "இப்ப கையெழுத்து போடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கூடப்பிறந்தவரே வெற்றுப் பத்திரத்தை நீட்டினாலும் போடாதீர்கள். எழுதி முடித்த நகலைக் கேட்டு வாங்கி வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.