அபவுண்ட் பக்கத்தில் 'இஸ்' வேண்டாம்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகளிடம் சொந்த ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் வயலும் வாய்க்காலும் கோயிலும் வந்துவிடும். அவை மிகுதியாக இருப்பதைச் சொல்ல அபவுண்ட் நல்ல வினைச்சொல். ஆனால் பலர் எழுதுவது 'கும்பகோணம் இஸ் அபவுண்டட் வித் டெம்பிள்ஸ்'. இது தவறு.

தவறு எங்கிருந்து வருகிறது? 'கும்பகோணம் கோயில்களால் நிறைந்திருக்கிறது' என்று மனதில் ஓடுகிறது. அந்த 'இருக்கிறது'க்கு ஈடாக ஓர் இஸ் விழுந்துவிடுகிறது. 'இஸ் ஃபில்டு வித்' என்று படித்த பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஃபில் செயப்படுபொருள் ஏற்கும் வினை, அதனால் அது சரி. அபவுண்ட் அப்படியல்ல. அதன் லத்தீன் வேருக்கு அலைபோல் பெருகி வழிதல் என்று பொருள். யாரும் நிரப்புவதில்லை, தானே பெருகுகிறது. ஆகவே அதற்குச் செயப்பாட்டு வடிவமே கிடையாது.

'கும்பகோணம் அபவுண்ட்ஸ் இன் டெம்பிள்ஸ்' என்று எழுதுங்கள். திருப்பிப் போட்டு 'டெம்பிள்ஸ் அபவுண்ட் இன் கும்பகோணம்' என்றாலும் சரி. ஊர் எழுவாயானால் ஒருமை, வினையில் 'ஸ்' வரும். கோயில்கள் எழுவாயானால் வராது. திருப்பும்போது இதைத்தான் நிறைய பேர் மறக்கிறார்கள்.

முதல் வாக்கியத்தில் இன்னுக்குப் பதில் வித் போடலாம். 'ஃபுல் ஆஃப்' நினைவில் 'அபவுண்ட்ஸ் ஆஃப்' என்று மட்டும் எழுத வேண்டாம். மிகுதி வினைக்குள்ளேயே இருப்பதால் 'மெனி' தேவையில்லை. ஒரே ஒரு பொருளுக்கும் இது ஒத்துவராது: தஞ்சைப் பெரிய கோயில் ஒன்றுதானே!

அப்புறம், 'ஆர் அபவுண்டிங்' என்று இழுப்பது. 'மைக்ரேட்டரி பேர்ட்ஸ் அபவுண்ட் அட் கோடியக்கரை இன் விண்டர்' என்றாலே போதும். உயிர்கள் மொய்க்கும் துடிப்பைக் காட்ட வேண்டுமானால் டீம் என்ற வினை இருக்கிறது. 'தி முத்துப்பேட்டை லகூன் இஸ் டீமிங் வித் ஃபிஷ்': இங்கே 'இஸ்'ஸும் வினையின் '-இங்' விகுதியும் இயல்பாக உட்காரும். எழுத்தில் இரண்டு 'ஈ' வர வேண்டும்; விளையாட்டு அணியைக் குறிக்கும் டீம் வேறு.

மேட்டூர் திறந்து காவிரியில் தண்ணீர் நிறைந்து வருவதற்கு 'அபவுண்ட்ஸ் இன் வாட்டர்' ஒட்டவில்லை. 'தி ரிவர் இஸ் இன் ஃபுல் ஃப்ளோ' என்பதே அழகு. பேச்சிலும் அபவுண்ட் கொஞ்சம் விறைப்பாகத்தான் ஒலிக்கும். சந்தையில் கத்தரிக்காய் மலிந்து கிடப்பதைத் தோழியிடம் சொல்ல 'தேர் ஆர் லாட்ஸ் ஆஃப்' என்று தொடங்கினாலே சரி.