நாடித்துடிப்பு சீராக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

ஐந்து நிமிடம் அமர்ந்து ஓய்வெடுத்த பிறகே நாடி பார்க்க வேண்டும். மாடிப்படி ஏறி வந்தவுடனோ காபி குடித்த கையோடோ எண்ணினால் அந்தக் கணக்கு பயன்படாது. வலக்கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே உள்ள பள்ளத்தில், மெல்ல வைக்க வேண்டும். கட்டைவிரலால் பார்த்தால் அதன் சொந்தத் துடிப்பே குறுக்கிட்டுக் கணக்கைக் குழப்பும்.

பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் நாடி சீராக உள்ளவருக்குப் போதும். சீரற்றவருக்கு முழுதாக 60 விநாடியும் எண்ண வேண்டும். ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. ஆயினும் எண்ணிக்கையைவிட இடைவெளியே முக்கியம் என்பேன், ஏனெனில் 80 என்ற நல்ல எண்ணுக்குள்ளும் ஒழுங்கின்மை ஒளிந்திருக்கும்.

மூச்சை இழுக்கையில் துடிப்பு சற்று விரைந்து, விடுகையில் தணிவது இளம் வயதினரிடம் இயல்பானது. சீரான ஓட்டத்தில் ஒன்று விட்டுப்போய், அடுத்தது 'தொம்' என்று பலமாக விழுவது பெரும்பாலும் முந்திவந்த துடிப்பின் விளைவு. எப்போதாவது நேர்ந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் எந்த இரண்டு இடைவெளியும் ஒத்துப்போகாமல், தாளம் அறியாதவர் மத்தளம் தட்டியது போல் நாடி ஓடினால், அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். இந்நிலையில் இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் நடுங்குவதால், இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் இரத்தம் தேங்கி உறைகிறது. அந்த உறைகட்டி மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம் வருகிறது. பக்கவாத அபாயம் ஏறத்தாழ 5 மடங்காகிறது. படபடப்பே தெரியாதவர்களும் இதில் உண்டு.

நாள், நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்பவற்றைக் குறித்து வைத்து, இயன்றால் கோளாறு இருக்கும்போதே இசிஜி எடுக்க வேண்டும். சில விநாடிப் பதிவில் அது சிக்காவிட்டால், உடலில் அணிந்தபடியே இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதியும் 24 மணி நேர ஹோல்டர் கருவியை மருத்துவர் பொருத்தச் சொல்வார். தைராய்டு, பொட்டாசியம் பரிசோதனைகளும் சேரும். நாடி சீரற்றவருக்குத் தானியங்கி பிபி கருவி ஒவ்வொரு முறை ஒவ்வொன்று காட்டுமாதலால், மூன்று முறை பார்த்துச் சராசரியை எழுதலாம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. அவ்வகை மாத்திரைகளில் ஒன்றான வார்ஃபரின் எடுப்பவர், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தவறவிடாமல், மருந்தின் வேலையைப் பாதிக்கக்கூடிய கீரையை அறவே ஒதுக்காமல், வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்பது நல்லது.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை செயலிழத்தல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், நாடியை எண்ணிக்கொண்டிராமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.