பத்துத் தளம், ஒரே சான்று

இலங்கையின் வடக்கே உள்ள வன்னிப் பகுதிச் சொல்லொன்றுக்கு இணையத்தில் அகராதிச் சான்று, அதாவது அச்சொல் புழங்கும் வாக்கியம், தேடும்போது, கிடைத்த வாக்கியத்தை முழுதாக மேற்கோள் குறிக்குள் இட்டு மீண்டும் ஒருமுறை தேடுங்கள். மாரியில் இரணைமடுக் குளம் ‘வான் பாய்கிறது’ (நிரம்பி மிகைநீர் வழிகிறது) என்ற செய்தி பல தளங்களில் வரும். எழுத்துப்பிழைகூட மாறாமல் அச்சொட்டாக இருந்தால் எழுதியவர் ஒருவரே, சான்றும் ஒன்றே. வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு ஆண்டுகளில் எழுதியிருந்தால்தான் அது வழக்கு. (வெறும் ‘வான்’ என்று தேடினால் ஆகாயமும் வாகனமும் வந்து குவியும்.) சொல்லுக்குப் பொருள் மட்டும் கூறும் பக்கங்களை நான் எண்ணுவதே இல்லை, அங்கே சொல் புழங்கவில்லை. வயலிலும் சூடு (அறுத்துக் குவித்த நெற்கதிர்) மிதிக்கும் களத்திலும் வாய்ப்பேச்சாக மட்டுமே வாழும் சொற்களுக்கு இந்த வழி உதவாது. அவற்றுக்கு ஒலிப்பதிவுதான் வேண்டும்.