பீடத்திலிருந்து பெயர் வரக்கூடாது: சேகரங்கள், பங்குகள் எனும் கிறிஸ்தவ சபைகளுக்கு ஒரு தேர்தல் கால வழிகாட்டி

தேர்தல் தேதி அறிவித்த வாரமே ஆலய அலுவலகத்துக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். "ஐயா, ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை சொல்லிடுங்க, சபை மொத்தமும் நம்ம பக்கம் வந்துரும்" என்பார் ஒருவர். "சபைக்கும் ஓட்டுக்கும் சம்பந்தமே இல்லை, வாயே திறக்காதீங்க" என்பார் இன்னொருவர். இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். விசுவாசியை வாக்குச்சாவடி வாசல் வரை கொண்டுபோய் விடலாம், விடத்தான் வேண்டும். இயந்திரத்தின் முன்னால் அவர் தனியாக நிற்கட்டும்.

காரணம் எளிது. பிரசங்கத்துக்கு எதிர்க்கேள்வி கிடையாது. அந்தப் பெஞ்சுகளில் எல்லாக் கட்சிக்காரரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஞானஸ்நானச் சான்றிதழ், திருமண ஓலை, கல்லறைத் தோட்டத்தில் இடம், சபைப் பள்ளியில் வேலை என்று எல்லாவற்றுக்கும் அவர்கள் ஆயரிடமும் (சபைப் போதகர்) கமிட்டியிடமும்தான் வந்து நிற்க வேண்டும். அதே கை ஒரு வேட்பாளரைச் சுட்டிக்காட்டினால், கேட்பவருக்கு அது நெருக்குதலாகத்தான் படும்.

சட்டம் எங்கே பிடிக்கும்

மூன்று இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு. "இவருக்குப் போடாவிட்டால் தேவகோபம் வரும்", "சபை ஒழுங்குக்கு உட்படுவாய்" என்று வாக்காளரை நம்பவைப்பது அதன்படி தகாத செல்வாக்கு. மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதும் அதே பிரிவில் முறைகேடு. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, 4க்கு 3 என்ற பெரும்பான்மையில், வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. பலர் கவனிக்காத விளைவு ஒன்று இருக்கிறது. வேட்பாளரின் சம்மதத்தோடு நீங்கள் பேசியது நிரூபணமானால், நீங்கள் ஜெயிக்கவைத்தவரின் வெற்றியே செல்லாமல் போகலாம். முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். அப்போது பிரசங்கத்தின் செல்போன் வீடியோ சாட்சியாக வந்து நிற்கும்.

இரண்டாவது, 1988ஆம் ஆண்டு மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் சட்டம். ஆலயம், அதன் கட்டுப்பாட்டில் உள்ள இடம், பணம், திருவிழா, பவனி எதையும் அரசியல் வேலைக்கு விடக்கூடாது. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். கமிட்டிகள் அடிக்கடி இடறி விழுவது இங்கேதான். "வாடகைதானே வாங்குறோம்" என்று சபை மண்டபத்தைக் கட்சியின் பூத் ஏஜெண்ட் கூட்டத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். வாடகை ரசீது உங்களைக் காப்பாற்றாது.

மூன்றாவது, தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகள். வழிபாட்டு இடங்களைப் பிரசார மேடையாக்கக் கூடாது என்று அதில் நேரடியாகவே இருக்கிறது. தேதி அறிவித்த நிமிடத்திலிருந்து அது அமலுக்கு வரும்.

கத்தோலிக்கக் குருக்களுக்கு இன்னொரு வேலியும் உண்டு. திருச்சபைச் சட்டம் 287, அரசியல் கட்சிகளில் தீவிரமாக ஈடுபடுவதிலிருந்து அவர்களை விலக்கி வைக்கிறது.

ஆயரும் குடிமகன்தானே, அவருக்குக் கருத்து இருக்கக்கூடாதா? இருக்கலாம். நாம்தாரி சீக்கியர்களின் குரு சம்பந்தப்பட்ட 1959ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு இன்றைக்கும் உதவும். மதத்தலைவர் தன் கருத்தைச் சொல்லலாம். கேட்பவருக்கு வேறு வழியே இல்லை என்னும்படி அது கட்டளையாகிவிட்டால் தகாத செல்வாக்கு. ஆனால் அங்கி போட்டுப் பீடத்தில் நிற்பவர் தன் சொந்தக் கருத்து என்று எத்தனை முறை சொன்னாலும் சபையின் காதில் கட்டளையாகத்தான் விழும். ஆகவே சொந்தக் கருத்து வீட்டுத் திண்ணையோடு இருக்கட்டும்.

பீடத்தில் எதைப் பேசுவது

பணம் வாங்கி ஓட்டுப் போடுவதைப் பற்றிப் பேசுங்கள், தயங்காமல் பேசுங்கள். தமிழ்நாட்டில் சபை தேர்தலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் முதலிடம் இதற்குத்தான். பண விநியோகத்தால் 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே.நகர், 2019இல் வேலூர் என்று தேர்தலையே நிறுத்த வேண்டிவந்தது. கொடுப்பதைப் போலவே வாங்குவதும் குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஓராண்டு வரை சிறை உண்டு. "வாங்கிட்டேன், சத்தியம் பண்ணிட்டேன், மாத்திப் போட்டா பாவமா?" என்று கேட்டு வரும் ஏழைத் தாய்க்குத் தெளிவான பதில் வேண்டும். வாக்கு இரகசியம், யாருக்குப் போட்டீர்கள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது, காசுக்காகச் செய்த சத்தியம் உங்களைக் கட்டாது. இதை மூன்று வாரம் திரும்பத் திரும்பச் சொல்லலாம்.

கட்சிப் பெயர், சின்னம், நிறம், தலைவரின் பட்டப்பெயர் எதுவும் வேண்டாம். மறைமுகக் குறிப்பும் வேண்டாம். சூரியனையும் இலையையும் தாமரையையும் உவமையாக்கிச் சிரிப்பு மூட்டும் பிரசங்கம் பெயர் சொல்வதற்குச் சமம்.

ஜெபத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள், ஏனென்றால் அது எழுதிவைக்காமல் வாயில் வருகிறது. தேர்தல் முடியும்வரை எழுதி வாசியுங்கள். மாதிரிக்கு ஒன்று: "ஆண்டவரே, எங்கள் தொகுதியில் போட்டியிடும் அனைவருக்கும் நேர்மையைத் தாரும். வாக்களிக்கும் எங்களுக்குப் பயமில்லாத மனதைத் தாரும். தேர்தல் பணியாளர்களையும் காவலர்களையும் காத்தருளும்." இவ்வளவு போதும். "எங்களுக்கு ஆதரவானவர்கள் ஜெயிக்க" என்ற ஒரு சொற்றொடர் சேர்ந்தாலே ஜெபம் பிரசாரமாகிவிடும்.

தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை போன்ற கோரிக்கையை என்ன செய்வது? பட்டியல் சாதிகளிலிருந்து கிறிஸ்தவர்களை விலக்கிய 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணையிலிருந்து தொடரும் அநீதி அது. தேர்தலுக்காக மறைத்துவைக்க வேண்டியதில்லை. ஆனால் வழிபாட்டுக்கு வெளியே, பொதுநிலையினர் அமைப்பின் பெயரில், ஒரே வாசகத்தில் எல்லா வேட்பாளருக்கும் மனுவாகக் கொடுங்கள். வந்த பதில்களை வெளியிட்டால் அத்தனையையும் வெளியிடுங்கள், இல்லையென்றால் ஒன்றையும் வெளியிடாதீர்கள். ஆண்டு முழுவதும் பேசாமல் பிரசார மாதத்தில் மட்டும் எடுத்தால் அந்தக் கோரிக்கைக்குத்தான் கேடு.

வேட்பாளர் ஆராதனைக்கு வந்தால்

வருவார், அசனப் பண்டிகை என்னும் சபை விருந்தில் கரண்டி பிடிக்கவும் வருவார். தடுக்க வேண்டாம், ஆலயம் எல்லோருக்கும் திறந்தது. சபையார் நடுவில் இடம் கொடுங்கள். முன்வரிசைத் தனி நாற்காலி, பொன்னாடை, ஒலிபெருக்கியில் வரவேற்பு, பீடத்தில் நிறுத்திக் கைவைத்து ஜெபம் எதுவும் கூடாது. துண்டறிக்கையோடும் கட்சித் துண்டோடும் வருபவர்களை வளாகக் கதவிலேயே கோயில்பிள்ளை (ஆலயப் பணியாளர்) நிறுத்தட்டும். எல்லா வேட்பாளருக்கும் ஒரே நடைமுறை என்று கமிட்டியில் முன்கூட்டியே தீர்மானம் போட்டு, அதன் நகலைக் கட்சி அலுவலகங்களுக்கு அனுப்பிவிட்டால், அன்றைக்கு யாரும் கோபிக்க மாட்டார்கள். தீர்மானம் இல்லாத சபையில்தான் சங்கடம் வரும்.

மணிக்கூண்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் நன்கொடை என்று யாராவது உறை நீட்டினால் தேர்தல் முடியும்வரை வாங்காதீர்கள். கமிட்டியில் கட்சிப் பொறுப்பில் இருப்பவர் அதுவரை அறிவிப்பு வாசிக்க வேண்டாம்.

உண்மையில் செய்ய வேண்டிய வேலை

வாக்காளர் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு. திடப்படுத்தல் வகுப்பில் 18 நிறைந்தவர்கள் இருந்தால், புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. வீடு மாறியவருக்கும் பெயர்ப் பிழைக்கும் படிவம் 8. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஆதாரில் வேறொன்று என்ற குழப்பம் நம்மிடம் அதிகம். சான்றுகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு நிரப்புங்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் மூடிவிடும், விசாரணைக்கும் நாள் வேண்டும். ஆகவே அந்தத் தேதிக்குப் பத்து நாளைக்கு முன்பே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். சந்தேகத்துக்கு 1950 என்ற வாக்காளர் உதவி எண்.

ஆயரிடம் நோயாளிகள் பட்டியல் இருக்கும். அதில் 85 வயது தாண்டியவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். அதற்கான படிவம் 12டி தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் போய்ச்சேர வேண்டும். அந்த ஐந்து நாளைத் தவறவிடுவதுதான் வழக்கமான பிழை. பெயர்களை முன்பே குறித்துவைத்து வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26இல் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்கிறார். நிலுவை வழக்குகள், தண்டனை, சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் உண்டு, ஆணையத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். அதைப் பார்ப்பது எப்படி என்று இளைஞருக்குக் காட்டுங்கள். ஆனால் பிரதி எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். எந்தப் பக்கத்தை ஒட்டினோம் என்பதிலேயே சாய்வு புகுந்துவிடும்.

சபையின் வாட்ஸ்அப் குழுவை வாக்குப்பதிவு முடியும்வரை அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றுங்கள். பேராயர் எழுதியதாக முத்திரையோடு ஒரு கடிதம் சுற்றினால் பேராய அலுவலகத்தில் கேட்டு, பொய்யென்றால் அடுத்த ஆராதனையில் ஒரே வரியில் மறுத்துவிடுங்கள்.

வாக்குப்பதிவு நாளன்று

சபைப் பள்ளியே வாக்குச்சாவடி என்றால் 100 மீட்டருக்குள் வாக்குச் சேகரிப்புக்கு இடமில்லை. வெளியே பார்த்த குழாய் ஒலிபெருக்கியை அன்று அணைத்துவிடுங்கள். வளாகச் சுவரில் இருக்கும் சுவரொட்டியை முந்தின இரவே கிழித்துவிடுங்கள். சபை வேனில் ஆட்களை ஏற்றிச் செல்லாதீர்கள்; அதில் வேட்பாளரின் கை இருப்பதாகக் குற்றம்சாட்ட ஒரு புகைப்படம் போதும். 2019இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 18, பெரிய வியாழன் அன்று வந்தது. அப்படி வந்தால் ஆராதனை நேரத்தை ஒரு வாரம் முன்பே மாற்றி அறிவித்து, வரிசையில் நிற்பவர்கள் போகவர வளாகத்தின் இரண்டு கதவையும் திறந்துவையுங்கள்.