மிளகாய்ப் பாத்தியைச் சுற்றி மீலி (மக்காச்சோளம்) நடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் போன வருடம் மிளகாய் மட்டுமே போட்டிருந்தேன். இலையெல்லாம் வெளிறித் திட்டுத்திட்டாகிச் சுருங்கிவிட்டது. தேமல் நோய். மருந்து அடித்தும் அடங்கவில்லை.

ஏன் அடங்கவில்லை என்பது புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம். மிளகாயைத் தாக்கும் உருளைக்கிழங்கு ஒய் வைரஸைப் பரப்புவது அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. நோய்ச் செடியில் சில நொடி குத்தினாலே வைரஸ் அதன் ஊசிவாயில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த செடியைக் குத்தும்போது இறங்கிவிடும். மருந்து பட்டு அது சாவதற்குள் காரியம் முடிந்திருக்கும். ஆனால் இந்த ஒட்டுதல் நெடுநேரம் நிற்காது. நடுவில் இந்த வைரஸ் பிடிக்காத வேறு செடியைச் சிலமுறை குத்தினால் வாய் சுத்தம். நமக்கு வேண்டியது அதுதான்.

முதலில் வேலியோரத்தைப் பாருங்கள். மணத்தக்காளி முளைத்திருந்தால் பிடுங்குங்கள். கீரைக்கு ஆகுமே என்று எங்கள் ஆயா விடவே மாட்டார். ஆனால் அது மிளகாய்க் குடும்பச் செடி, வைரஸைக் குளிர்காலம் முழுக்கச் சுமந்து நிற்கும். டர்பனில் உறைபனி அபூர்வம் என்பதால் அசுவினியும் சாகாது. பலவகைச் செடி இருந்தாலே நோய் குறையும் என்பதை நான் முழுசாக நம்புவதில்லை. எந்தச் செடி என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் மீலி. இந்த வைரஸ் பிடிக்காத செடி அதுதான். ஆகஸ்ட் கடைசியில் பாத்தியைச் சுற்றி 2 அல்லது 3 வரிசை நெருக்கமாக விதையுங்கள். முழங்கால் உயரம் வந்தபிறகே மிளகாய் நாற்றை நடுங்கள். பறந்து வரும் அசுவினி முதலில் மீலியில் இறங்க வேண்டும் அல்லவா? இங்கே வெயில் வடக்கிலிருந்து சாய்வதால் அந்தப் பக்கம் மட்டும் கூடுதல் இடைவெளி விடுங்கள்.

மிளகாய் வரிசைகளுக்கு நடுவே தனியா விதை தூவலாம். தக்காளி வேண்டாம், அதற்கும் இதே வைரஸ் வரும். வெற்று மண்ணில் எடுப்பாகத் தெரியும் பச்சை நிறம் அசுவினியை இழுக்கும், அதனால் மீதி இடத்தைக் காய்ந்த புல்லால் மூடுங்கள்.

தேமல் தெரிந்த செடியை அன்றே பிடுங்கிவிடுங்கள்.

ஒன்று மட்டும்: வெள்ளரித் தேமல் வைரஸும் மிளகாயில் வரும். அது 1000-க்கும் மேற்பட்ட செடி வகைகளில் தங்கக்கூடியது, கானாவாழை உட்பட. அதற்கு மீலி வேலியை மட்டும் நம்பினால் சரிவராது, களை பிடுங்கத்தான் வேண்டும்.