பழைய லேண்ட் குரூசர் முன் ஆக்சில் ஒழுகுதா? உள் சீல பாருங்க

டொயோட்டா எஃப்ஜே 40 மாதிரி பழைய வண்டி வச்சிருக்கவங்களுக்கு இது. முன் வீலுக்கு உள்பக்கம் பந்து மாதிரி உருண்டையா இருக்குல்ல, அதுல கருப்பா தண்ணியா வழிஞ்சுதுன்னா வெளிய இருக்க ஃபெல்ட் சீல மட்டும் மாத்திட்டு விட்டுறாதீங்க, திரும்ப ஒழுகும், ஏன்னா பெரும்பாலும் போயிருக்கறது உள்ள இருக்க ஆக்சில் ஆயில் சீல், அது வழியா டிஃபரன்ஷியல்ல (ஆக்சில் நடுவுல இருக்க கியர் பெட்டி) இருக்க கியர் ஆயில் நக்கிளுக்குள்ள, அதாவது அந்த உருண்டைக்குள்ள வந்து கிரீஸ கரைச்சு கூழாக்கிடுது.

ஹப் நட்ட உளி வச்சு தட்டாதீங்க ப்ளீஸ், 54 எம்எம் சாக்கெட் வாங்கிருங்க. நக்கிள் பேரிங் மூடிய கழட்டும்போது அடியில மெல்லிசா ஷிம், அதாவது இடைவெளி சரி பண்ற தகடு இருக்கும், மேல உள்ளது கீழ உள்ளது இடது வலதுன்னு தனித்தனியா கவர்ல போட்டு எழுதி வைங்க, இது கலந்துட்டா நக்கிள் சென்டரே மாறிப்போகும், அப்புறம் அளவு எடுத்து செட் பண்றதுக்குள்ள நாள் ஓடிரும்.

எல்லாத்தையும் மண்ணெண்ணெய்ல சுத்தமா கழுவி காய வச்சுட்டு, பிர்ஃபீல்ட் ஜாயின்ட்ட (வீல் திரும்பினாலும் அத சுத்த வைக்கற குண்டு ஜாயின்ட்) ஆட்டி ஆட்டி குண்டுகளுக்கு நடுவுல மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்த கிரீஸ்) ஏத்துங்க. நக்கிள முழுசா ரொப்ப வேண்டாம், முக்கால்வாசி போதும், சூட்டுல விரியறதுக்கு எடம் வேணும். வீல் பேரிங்குக்கு லித்தியம் வீல் பேரிங் கிரீஸ், உள்ளங்கைல வச்சு அழுத்தி மறுபக்கம் பிதுங்குற வரைக்கும்.

ஆக்சில் மேல இருக்க பிரீதர (உள்ள இருக்க காத்து வெளிய போற சின்ன வழி) மறக்காம ஊதிப் பாருங்க, அது அடைச்சிருந்தா உள்ள பிரஷர் ஏறி புது சீலையும் தாண்டி ஆயில் வந்துரும்.